எவ்வளவு போகும்?

“நாலு கிலோவுக்கு மேல இருதலைப் பாம்பு இருந்தா சொல்லுங்க சார். பார்ட்டி ரெடியா இருக்கு.”

சூளகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் மூன்று மொழி புழங்கும். பாம்புக்கும் மூன்று பெயர். தமிழில் இருதலைப் பாம்பு, தெலுங்கில் ரெண்டு தலல பாமு, கன்னடத்தில் எரடு தலெ ஹாவு. பெயர் மூன்றானாலும் ஆசை ஒன்றுதான். ஒரு பாம்பு கிடைத்தால் போதும், தலையெழுத்தே மாறிவிடும். இரண்டு கிலோ என்றால் லட்சங்கள், நாலு கிலோ என்றால் கோடி. வெளிநாட்டில் கேன்சருக்கு மருந்து செய்கிறார்கள் என்பார் ஒருவர். இல்லை, ஏதோ விண்வெளி ஆராய்ச்சிக்காம் என்பார் அடுத்தவர். மூன்றாமவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஆம்பளைங்க சமாச்சாரம்” என்று குரலைத் தாழ்த்துவார்.

உண்மை என்ன? அது மண்ணுளிப் பாம்பு. விஷம் கிடையாது. நாலடியைத் தாண்டுவதே அபூர்வம். வறண்ட காட்டிலும் மேட்டு நிலத்திலும் மண்ணுக்குள் புதைந்து கிடந்து எலியைப் பிடித்துத் தின்னும். வால் மொட்டையாக, தலை மாதிரியே இருக்கும். எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு வாலைக் காட்டும். அடி வாலில் விழட்டும், தலை தப்பட்டும் என்கிற கணக்கு. இந்தப் பாவப்பட்ட தந்திரத்தைத்தான் நாம் இரண்டு தலை என்கிறோம். அந்த வாலில் கண், வாய் மாதிரி தழும்பு உண்டாக்கி வித்தை காட்டிய பாம்பாட்டிகளும் உண்டு. இதன் அறிவியல் பெயரில் ‘ஜானி’ என்று ஒரு சொல் வரும். அந்த ஜான், தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்கிற பாதிரியார். அதாவது, பெயரிலேயே தமிழ்நாட்டு முகவரி உள்ள பாம்பு.

கேன்சர் மருந்தும் இல்லை, ராக்கெட்டும் இல்லை, அந்த மூன்றாவது சமாச்சாரமும் இல்லை. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடித்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம். ஆனால் தேடல் நிற்கவில்லை. 2016 முதல் 2021 வரை மட்டும் நாடு முழுவதும் இந்தப் பாம்பு பிடிபட்ட சம்பவங்கள் 172 என்று ஒரு வனவிலங்கு அமைப்பு செய்திகளைத் தொகுத்துக் கணக்கெடுத்தது. அது செய்தியில் வந்தது மட்டும். வராதது எத்தனையோ.

நான் படித்தது பி.காம். பாம்பைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த வியாபாரமாக இருந்தாலும், கடைசியில் அந்தச் சரக்கை வாங்கி உபயோகிக்கப்போகிறவன் யார்?

கொத்தமல்லிக்கட்டுக்குக் கடைசி ஆள் உண்டு. பெங்களூரில் ரசம் வைக்கிற அம்மா. பைக் உதிரி பாகத்துக்கு உண்டு, பைக் ஓட்டுகிறவன். இந்தப் பாம்புக்கு? பிடித்தவன் புரோக்கரிடம் போகிறான். புரோக்கர் பெரிய புரோக்கரிடம். அவர் ‘பார்ட்டி’யிடம். பார்ட்டி இன்னொரு பார்ட்டியிடம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால், கடைசிக் கண்ணியில் ஆளே இல்லை. ஈமு கோழியிலும் இதேதான் நடந்தது. குஞ்சு வாங்கினவன் அடுத்தவனுக்குக் குஞ்சு விற்றான். கறி தின்னத்தான் ஆள் இல்லை. 2012-ல் அது குப்புற விழுந்தபோது கொங்கு மண்டலத்தில் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது! இரிடியம் கலசமும் அதே கதைதான். சரக்கு வேறு, சங்கிலி ஒன்று.

இந்த ஞானமெல்லாம் அடுத்தவன் வீட்டு விஷயமாக இருக்கிறவரை சுகமாகத்தான் இருக்கிறது. நம் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஒன்றுவிட்ட அக்காவின் மகன். முறைக்கு எனக்கு மாப்பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மூன்று ஷிஃப்ட். இரண்டு வருடம் முடிந்ததும் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அவன் வயசுப் பையன்கள் இன்னும் நாலு பேர் அதே நிலைமையில். ஐந்து பேரும் டார்ச் லைட்டோடு ராத்திரியில் ஏரிக்கரை, குன்றுகளின் அடிவாரம், கேழ்வரகுக் கொல்லை என்று மூன்று மாதம் அலைந்திருக்கிறார்கள். வீட்டில் ‘நைட் ஷிஃப்ட்’ என்று சொல்லியிருக்கிறான். ஒரு வகையில் பொய்யில்லை.

கடைசியில் ஒன்று மாட்டியது. ஒண்ணேகால் கிலோ. அத்திப்பள்ளி தாபா ஒன்றில் புரோக்கர் பார்த்தார். “சரக்கு நல்ல சரக்கு. வெயிட்தான் கம்மி. தீனி போட்டு ஏத்து” என்றார். கூடவே, பெரிய பார்ட்டி வந்து மெஷின் வைத்து டெஸ்ட் பண்ணுவதற்கு முன்பணம் அறுபதாயிரம் கேட்டிருக்கிறார். அக்காவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

பாம்பு டிரம்முக்குள் போனது. அதற்கு முட்டை உடைத்து ஊற்றினார்கள். கோழிக்கறி போட்டார்கள். பால் வைத்தார்கள். மண்ணுக்குள் இருந்துகொண்டு உயிரோடு எலி பிடித்துப் பழகின ஜீவன், சுற்றிலும் வழவழவென்று பிளாஸ்டிக்கும் நடுவில் ஊத்தின பாலுமாக இருந்தால் என்ன செய்யும்? எதையும் தொடவில்லை. இருபத்து மூன்றாம் நாள் செத்துப்போனது. புரோக்கர் நம்பர் அதற்கு முன்னாலேயே ஸ்விட்ச் ஆஃப்.

நான் போனபோது அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை. “காசு போனது போகட்டும்டா தம்பி. வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டுக் கொன்ன பாவம் வேற சேந்துடுச்சே” என்றாள்.

மாப்பிள்ளை ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கேட்டான். “மாமா, அப்ப எந்தப் பாம்புக்குமே காசு கிடையாதா?”

“உண்டு” என்றேன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் நடத்துகிற பாம்புப் பிடிப்பவர்கள் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்பு போனது. 1978-ல், ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியும் சேர்ந்து, அரசு அனுமதியோடு அந்தச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து வருவார்கள். சில தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக்கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பி.காம். பாஷையில் சொன்னால், அவர்கள் வட்டியை எடுத்துக்கொண்டு அசலைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். அங்கே கடைசி ஆளும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் கால் வீங்கிப் படுத்திருக்கிற விவசாயி.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில், எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஏற்காட்டுக்கு வந்தார். பாம்பு ஆராய்ச்சி. கட்டுரைக்கு ஏதாவது கிடைக்கும் என்று நானும் கிளம்பினேன். மாப்பிள்ளையை வற்புறுத்திக் காரில் ஏற்றினேன். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அவன் என்ன ஆவானோ என்று அக்காவுக்குப் பயம்.

நாங்கள் தேடிப் போனது கேடயவால் பாம்பு. உலகத்திலேயே தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் இல்லாத குடும்பம். ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் மலைவாசி. மழை ஊறின மண்ணுக்குள் வாழ்ந்து, மண்புழுவைத் தின்று, குட்டி போட்டு, வெளியே தெரியாமலே ஆயுசை முடித்துக்கொள்கிற சாது. விஷம் இல்லை. கையில் எடுத்தால்கூடக் கடிக்காது. வால் நுனி சாய்வாகச் சீவின மாதிரி, சொரசொரப்பாக ஒரு கேடயம் போல இருக்கும். அதில் மண் ஒட்டிக்கொள்ளும். வளைக்குள் போகும்போது பின்னால் கதவைச் சாத்தின மாதிரி அடைத்துக்கொண்டு போகும். மண்ணைத் துளைக்கிற வேலை முழுக்க உடம்பின் முன்பகுதித் தசைக்குத்தான். அதுதான் எஞ்சின். மீதி உடம்பு கூட்ஸ் பெட்டி மாதிரி பின்னாலேயே வரும்.

இதில் பல இனங்களுக்கு ஒரே மலைதான் உலகம். நமக்கு மலையும் சமவெளியும் ஒரே பூமி. நாலு மணி நேர கார் பயணம். அந்தப் பாம்புக்கு மலைதான் தீவு, சுற்றிலும் இருக்கிற வெயில் காய்ந்த சமவெளிதான் கடல். நீந்திக் கடக்க முடியாது. அதனால் ஒவ்வொரு மலையிலும் தனித்தனியாக ஒதுங்கி, தனித்தனி இனமாகவே மாறிவிட்டது. சேர்வராயன் மலையில் இருப்பதற்கு ‘ஷார்ட்டி’ என்று பெயர். ஜான் ஷார்ட் என்கிற அந்தக் காலத்துச் சென்னை மாகாண டாக்டரின் நினைவாக 1863-ல் பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். ராணுவத்திலிருந்து வனத்துறைக்கு வந்தவர். தென்னிந்திய மலை மலையாக ஏறி இந்தப் பாம்புகளைத் தேடின முதல் பைத்தியக்காரர் அவர்தான். அவர் சேகரித்தவை இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜாடிகளில் இருக்கின்றன.

பிற்பாடு வந்தவர்கள், ‘இது தனி இனமெல்லாம் இல்லை’ என்று இந்தப் பாம்பை வேறொன்றின் பெயருக்குள் தள்ளிவிட்டார்கள். 2014-ல் கணேஷ், எங்கல்ஸ், ராமானுஜம் என்கிற நம்மூர் ஆராய்ச்சியாளர்கள் மூவர் மறுபடி சோதித்து, தனி இனம்தான் என்று நிலைநாட்டினார்கள். பெயர் வைத்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, இழந்த பெயர் அந்தப் பாம்புக்குத் திரும்பக் கிடைத்தது.

முதல் நாள் முழுக்க மழைத் தூறல். காப்பித் தோட்டத்து ஓரங்களில் தேடினோம். ஆராய்ச்சி மாணவர் ஒரே ஒரு விதி போட்டார். கல்லைப் புரட்டலாம், ஆனால் எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைக்க வேண்டும். “அது ஒரு வீட்டுக் கூரை சார். பிரிச்சுப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போனா, உள்ள இருக்கறது காஞ்சி செத்துரும்” என்றார். இருநூறு கல்லாவது புரட்டியிருப்போம். மண்புழு, மரவட்டை, தேள் ஒன்று. பாம்பு இல்லை. அட்டை கடித்த இடத்தில் அரிப்பு மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை ரோட்டில் ஒன்று கிடைத்தது. ஏதோ வண்டி ஏறி நசுங்கிக் கிடந்தது. மழைக்கு மண் ஊறினால் இவை மேலே வரும், ரோட்டைக் கடக்கும், ஊர்கிற வேகம் போதாது. சனி, ஞாயிறு என்றால் ஏற்காட்டுக்கு வருகிற வண்டிகளுக்குக் கணக்கேது! மாணவர் குனிந்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம், எல்லோரும் சலித்துப்போய் டீக்குக் கிளம்பின நேரத்தில் மாப்பிள்ளை நின்றான். “மாமா, இங்க ஒரு நிமிஷம்.” உளுத்துப்போன ஒரு மரத்துண்டு. அதன் ஓரத்து மண் லேசாகக் கிளறின மாதிரி இருந்ததாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக டார்ச் அடித்து அலைந்தவனின் கண்ணுக்குத் தெரிந்தது. மெதுவாகத் தூக்கினான். அடியில், முக்கால் அடி நீளத்துக்கு, இருட்டை அரைத்து உருட்டின மாதிரி ஒன்று நெளிந்தது.

மாணவர் எடுத்து அவன் உள்ளங்கையில் விட்டார். பாம்பு அவன் விரலைச் சுற்றிக்கொண்டு, விரல் இடுக்கில் தலையை வைத்து முட்டியது. மண் என்று நினைத்துத் துளைக்கப் பார்த்தது. மேகம் கொஞ்சம் விலகி வெளிச்சம் பட்டது. அந்தக் கருப்பின் மேல் வானவில் ஓடியது. பெட்ரோல் சிந்தின தண்ணீரில் ஓடுமே, அப்படி.

மாப்பிள்ளை வாய் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, பழக்கதோஷம், கேட்டுவிட்டான்.

“அண்ணா, இது எவ்ளோ போகும்?”

மாணவருக்கு அவன் கதை தெரியாது. தூரத்தைக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

“எங்கயும் போகாதுப்பா. இந்த மலையை விட்டா அதுக்குப் போக இடமே இல்ல” என்றார்.

மாப்பிள்ளை பதில் பேசவில்லை. பாம்பை அதே இடத்தில் விட்டான். மரத்துண்டை எடுத்த விதத்திலேயே திருப்பி வைத்தான். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மறுபடி குனிந்து, பக்கத்து மண்ணை அணைத்து, சரி செய்துவிட்டு எழுந்தான்.

திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் எனக்கு ஒன்று தோன்றியது. ‘அரிய’ என்கிற சொல்லை நாம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். ‘அரிய வகைப் பாம்பு பிடிபட்டது, மதிப்பு பல லட்சம்’ என்று பேப்பரில் எழுதுகிறோமே, அங்கே அரிது என்றால் விலை. தப்பு சொல்லிப் பயனில்லை, என் தொழிலும் அதுதான். ஆனால் ஏற்காட்டில் பார்த்தது உண்மையிலேயே அரிது. அதற்கு விலை ஒரு ரூபாய்கூட இல்லை. அதைத் தேடி எந்த புரோக்கரும் வர மாட்டார். வேடிக்கை என்னவென்றால், விலை பேசப்படுகிற மண்ணுளிக்குத்தான் கடைசி ஆள் நிஜமாகவே ஒருவர் இருக்கிறார். கேழ்வரகுக் கொல்லைக்காரர். அவருடைய எலியை அது ஓசியிலேயே பிடித்துக்கொடுக்கிறது. கொல்லையில் இருக்கிறவரை அதற்கு மதிப்பு. டிரம்முக்குள் வந்தால் பூஜ்யம்.

கேடயவாலுக்கு அந்தக் கணக்குகூடக் கிடையாது. அதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் லாப நஷ்டக் கணக்கில் எழுதக் கற்றுக்கொண்டவனுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் லாபம் தரவில்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைக் காலி செய்யச் சொல்வதில்லையே.

தேடினால் கிடைக்கிறது என்பதும் உண்மை. அகத்தியமலைப் பக்கம் 2011-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பச்சைப் பாம்பைப் பார்த்தார்கள். பார்வைக்குச் சாதாரணக் கொடிப் பாம்பு மாதிரிதான். மரபணுவைச் சோதித்தபோது, மற்ற கொடிப் பாம்புகளிடமிருந்து அது சுமார் 2 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன்பே பிரிந்துபோன தனி வம்சம் என்று தெரிந்தது. 2019-ல் புதிய பேரினமாகவே அறிவித்தார்கள். நாமக்கல் மாவட்டத்துப் போதமலை ஞாபகம் இருக்கிறதா? ரோடு இல்லாமல், ஓட்டு மெஷினைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போகிற படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பேப்பரில் வருமே, அதே மலைதான். அந்த மலையிலிருந்து 2013-ல் ஒரு புதிய கேடயவால் பாம்பு உலகத்துக்குத் தெரியவந்தது. அதற்கு ‘கோவரி’ என்று பெயர். ஊருக்கு ரோடு வருவதற்கு முன்னாலேயே பாம்புக்குப் பெயர் வந்துவிட்டது.

எங்கள் சூளகிரியின் பெயரே மலையிலிருந்து வந்ததுதான். சூலம் மாதிரி நிற்கிற குன்று. அது தப்பித்து நிற்கிறது. மேலே சாமி இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் சாமி இல்லாத குன்றுகளின் கதை வேறு. வெடி வைத்து, ஜல்லியாக்கி, எம்-சாண்டாக்கி, ராத்திரியெல்லாம் டிப்பர் லாரிகள் பெங்களூருக்குப் போகின்றன. பாம்பைக் கிலோ கணக்கில் விற்கலாம் என்று அலைகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். மலையை டன் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம். இந்த வியாபாரத்தில் கடைசி ஆள் இல்லை என்கிற பேச்சுக்கே இடமில்லை. அடுக்குமாடி வீடு வாங்குகிற நீங்களும் நானும்தான்.

போதமலைப் பாம்புக்குப் பெயர் கிடைத்ததற்கு ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு காரணம். அதற்கும் முன்னால் இன்னொரு காரணம் உண்டு. அவர்கள் தேடிக்கொண்டு போனபோது மலை அங்கேயே இருந்தது.

மாப்பிள்ளை இப்போது கொத்தமல்லி லோடு ஏற்றிக்கொண்டு விடிகாலை பெங்களூருக்கு வண்டி ஓட்டுகிறான். சங்கிலிக்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறான். அசல் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. போன வாரம் பேசும்போது, “கார்த்திகையிலயும் மழை இருக்குமா மாமா, ஏற்காட்டுல?” என்று கேட்டான்.

இருக்கும் என்றேன்.